வேலிப் பொட்டும் கோழிக்கூடும்



சாவகச்சேரிப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். பத்துப் பேட்டுக்கோழியும் ஒரு சேவலும் வாங்கப் போகிறாராம். கூடு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. கூடு அடிக்க வந்த தச்சர், "கோழி ஒன்றுக்கு ஒரு சதுர அடி தாராளம், ரீச்சர்" என்கிறார். தீன் கடைக்காரத் தம்பி இரண்டு சதுர அடி வேண்டும் என்கிறார். கனடாவில் இருக்கும் மகனோ, "நாலுக்குக் குறையக் கூடாது அம்மா" என்று தொலைபேசியில் அடித்துச் சொல்கிறார். "மூன்று பேரும் மூன்று விடை சொன்னால் நான் எதற்குச் சரி போடுவது?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார். கணிதம் படிப்பித்தவராகத்தான் இருக்க வேண்டும்.

ரீச்சர், மூன்றுக்கும் சரி போடலாம். ஏனென்றால் மூன்று பேரும் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்லியிருக்கிறார்கள். அதை விளங்கப்படுத்த நான் முதலில் என் அம்மம்மா வீட்டுக் கோடிக்குப் போக வேண்டியிருக்கிறது.

அங்கே ஒரு கோழிக்கூடு நின்றது. நாலு கால்களும் பனஞ்சலாகை. அடித்தளமும் சலாகைதான், எச்சம் கீழே விழட்டும் என்று விரற்கடை இடைவெளி விட்டு அடித்தது. மேலே கிடுகு. மேல்நோக்கி இழுத்துத் திறக்கிற சின்னப் பலகைக் கதவு. நீளம் மூன்றடி, அகலம் இரண்டரை அடி இருக்கும். அதாவது ஏழரைச் சதுர அடி. அதற்குள் பன்னிரண்டு கோழி. பொழுதுபடும் நேரம் அவற்றை எண்ணுவது என் வேலை. அடுப்படிக்குள் இருந்தபடியே அம்மம்மா கேட்பா: "பன்னிரண்டும் அடைஞ்சிட்டுதோ மோனை?" பெரும்பாலும் பத்துத்தான் அடைந்திருக்கும். மற்ற இரண்டும் கூட்டை மதிக்காத பிறவிகள். முருங்கையில் ஏறிக் குந்திவிடும்.

இன்றைய எந்தக் கைநூலை எடுத்துப் பார்த்தாலும் அந்தக் கூடு ஒரு குற்றம். கோழி ஒன்றுக்கு முக்கால் சதுர அடிகூட வரவில்லை. ஆனால் அந்தக் கோழிகள் ஒன்றையொன்று கொத்திக் கிழித்ததை நான் கண்டதில்லை. இறகு உதிர்ந்து முதுகு வெளித்துப்போன கோழியையும் அந்த வளவில் பார்த்த நினைவில்லை. காரணம் கூட்டில் இல்லை, வேலியில் இருந்தது.

விடியக் கதவு திறபட்டால் கோழிகள் எங்கள் வளவைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வேலிப் பொட்டுக்குள்ளால் மாமி வீட்டுக்குப் போய்விடும். அங்கிருந்து இன்னொரு பொட்டு, அதற்கப்பால் பனங்காணி. மத்தியானம் யாராவது நெல்லோ மிளகாயோ காயப்போட்டிருந்தால் அங்கே ஒரு கலவரம் நடக்கும். (காயவைத்த தானியத்தைக் கொத்த வந்த கோழிமேல் காதுக் குழையைக் கழற்றி எறிந்த பெண்ணைப் பட்டினப்பாலை காட்டுகிறது. எங்கள் மாமி எறிந்தது விறகுக் கொள்ளி.) மாமி வீட்டு விறகு அடுக்குக்குள் எங்கள் கோழி முட்டையிடும், அது யாருடைய முட்டை என்ற வழக்கு ஒருநாளும் தீர்ந்ததில்லை. சாமத்தியப்பட்ட பிள்ளைக்கு நல்லெண்ணெயோடு குடிக்கக் கொடுக்க ஊர்க்கோழி முட்டை தேவைப்படும் காலத்தில் மட்டும் இரண்டு வீடும் சமாதானமாகி முட்டைகளை ஒன்றாகச் சேர்க்கும்.

ஆகவே அம்மம்மாவின் கோழிகளுக்கு இருந்தது ஏழரைச் சதுர அடி படுக்கை. வீடு என்று பார்த்தால் நாலு வளவும் ஒரு பனங்காணியும். தச்சர் சொல்லும் ஒரு சதுர அடிக் கணக்கு அந்தக் காலத்திலிருந்து வருகிறது. அது படுக்கைக் கணக்கு. கோழி அந்தக் கூட்டுக்குள் நித்திரை மட்டுமே கொள்ளும் என்று எடுத்துக்கொண்டால் தச்சர் சொல்வது பெரிய பிழையில்லை.

பிழைத்தது எங்கே என்றால், பொட்டு அடைபட்டபோது. போர் முடிந்த பிறகு வெளிநாட்டுக் காசு வந்தது. கிடுகு வேலியும் கிளுவையும் போய் ஒழுங்கைக்கு ஒழுங்கை மதில் எழுந்தது. ஆண்டுதோறும் வேலி அடைக்கிற செலவும் கரைச்சலும் தீர்ந்தது உண்மை. எங்கள் வீட்டிலும் மதில்தான், நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் மதிலில் யாரும் பொட்டு வைத்துக் கட்டுவதில்லை. கோழியின் வீடு ஒரே நாளில் நாலு வளவிலிருந்து ஒரு வளவாகிவிட்டது. அந்த ஒரு வளவிலும் பாதிக்குச் சீமெந்து போட்டாயிற்று, மீதியில் பூக்கன்று. கூட்டின் அளவு மட்டும் அம்மம்மா காலத்து அளவாகவே நிற்கிறது.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். 2022 இல் தீனுக்கு மக்காச்சோளம் இல்லாமல் பண்ணைகள் தடுமாறின. அந்த ஆண்டு ஓகஸ்டில் வெள்ளை முட்டைக்கு 43 ரூபா, சிவப்பு முட்டைக்கு 45 ரூபா என்று அரசாங்கம் உச்ச விலை வைத்ததும், 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முதற்தொகுதியாக 20 இலட்சம் முட்டை இறக்கியதும் உங்களுக்கு நினைவிருக்கும். ஊரெல்லாம் வீட்டுத்தோட்டம், வீட்டுக்கோழி என்று ஒரு வேகம் வந்தது. நானும் எட்டுக் கோழி வாங்கினேன். அம்மம்மாவின் கூட்டை மனத்தில் வைத்து அதே அளவில் ஒன்று அடிப்பித்தேன். முதல் இரண்டு கிழமை எல்லாம் அழகு. பிறகு வீட்டில் பூக்கன்றுப் பிரச்சினை எழுந்தது. கோழிகளை மத்தியானத்துக்குப் பிறகுதான் திறந்துவிடுவது என்று ஒரு உடன்பாடு வந்தது. அடுத்ததாக, ஐந்து மணிக்குத் திறந்தால் போதும் என்றானது. ஒரு மாதம் போகவில்லை, சாம்பல் நிறப் பேடு ஒன்றின் முதுகில் இறகே இல்லை. மற்ற ஏழும் அதன் வாலடியைக் கொத்திக் கொத்திப் புண்ணாக்கிவிட்டன. கோழிக்குச் சாதி புத்தி என்று பக்கத்து வீட்டு அண்ணை சொன்னார். கோழியின் புத்தியில் ஒரு பிழையும் இல்லை. என் கணக்குத்தான் பிழை.

கோழிக் கூட்டத்துக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை இருப்பதை நோர்வேக்காரரான ஷெல்டெருப்-எபே என்பவர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார். சின்னப் பையனாக இருந்த நாளிலிருந்தே கோழிகளைப் பார்த்துக் குறிப்பெடுத்தவர் அவர். மேலே உள்ளது கொத்தினால் கீழே உள்ளது விலகிப் போக வேண்டும். அதோடு சண்டை முடிந்துவிடும். விலகிப் போக இடம் இருக்கும்வரை அந்த வரிசை சமாதானத்துக்குத்தான் உதவும். என் கூட்டில் அந்தச் சாம்பல் பேட்டுக்கு விலகிப் போக இடமில்லை. ஒரு கொத்தோடு முடிய வேண்டியது ஓயாத கொத்தாகிவிட்டது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, ரீச்சருக்குப் பிடிக்கும். 1989 இல் மரியன் டோக்கின்ஸ், சில்வியா ஹார்டி என்ற இரு ஆய்வாளர்கள் முட்டைக்கோழிகளை மேலிருந்து படமெடுத்து, ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு கோழி எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று அளந்தார்கள். சும்மா நிற்க ஏறத்தாழ 475 சதுர சென்ரிமீற்றர். நின்ற இடத்தில் திரும்ப 1272. சிறகடிக்க 1876. ஒரு சதுர அடி என்பது 929 சதுர சென்ரிமீற்றர். இப்போது தச்சரின் கணக்கைப் பாருங்கள்: ஒரு சதுர அடியில் கோழி நிற்கலாம், படுக்கலாம், பக்கத்துக் கோழியை இடிக்காமல் திரும்ப முடியாது. தீன் கடைத் தம்பியின் இரண்டு சதுர அடியில் மட்டுமட்டாக ஒருதரம் சிறகடிக்கலாம். கனடா மகனின் நாலு சதுர அடி எங்கிருந்து வந்தது? அங்கே பனி விழும் மாதங்களில் கோழி நாட்கணக்காக வெளியே வராது. தின்பது, முட்டையிடுவது, மண் குளிப்பது எல்லாம் கூட்டுக்குள்தான். அதற்குத்தான் நாலு.

எனவே, எத்தனை கோழி என்று கேட்குமுன் ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் பூட்டி வைப்பீர்கள் என்று கேட்க வேண்டும். பொழுதுபட அடைத்து விடியத் திறப்பவர் என்றால் கோழிக்கு இரண்டு சதுர அடி போதும். ரீச்சரின் பதினொன்றுக்கு 22 சதுர அடி, ஐந்தடிக்கு நாலரை அடி என்று வைத்துக்கொள்ளலாம். வேலைக்குப் போகிற வீடு, பின்னேரம் மட்டும் திறப்போம் என்றால் கூரை போட்ட கூடு கோழிக்கு நாலு சதுர அடி, அதோடு சேர்த்துக் கம்பிவலை அடித்த முற்றம் கோழிக்குப் பத்துச் சதுர அடி. பதினொரு கோழிக்கு 44 உம் 110 உம்.

கூடுதலாகத் தோன்றுகிறதா? நாங்கள் காணியைப் பரப்பில் பேசுகிறவர்கள், அடிக்கணக்கு எங்களைப் பயமுறுத்தும். ஒரு பரப்பு என்பது பத்துப் பேர்ச், ஏறத்தாழ 2722 சதுர அடி. கூடும் முற்றமும் சேர்ந்து 154 சதுர அடி என்றால் பரப்பில் பதினேழில் ஒரு பங்குகூட இல்லை. மூன்று பரப்பு வளவில் கார் நிறுத்த விடுகிற இடத்தைவிட இது குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்தில் வெளியே மேய்ந்த கோழியின் முட்டை என்று பெட்டியில் அச்சடிக்க வேண்டுமானால் கோழிக்கு 4 சதுர மீற்றர் திறந்த நிலம் காட்ட வேண்டும். பதினொரு கோழிக்கு 44 சதுர மீற்றர், எங்கள் கணக்கில் பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒன்று. பின்வளவில் மாமரத்தடியை விட்டுக்கொடுத்தால் யாழ்ப்பாணத்தில் யாரும் அந்த முத்திரையை வாங்கிவிடலாம். அதே ஐரோப்பாவில்தான் ஏ4 தாள் ஒன்றைவிடச் சின்ன இடத்தில் கோழியை வாழ்நாளெல்லாம் நிறுத்தி வைத்த கம்பிக்கூடுகள் 2012 ஜனவரி வரை சட்டப்படி இருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சதுர அடியில் வராத அளவுகளும் சில உண்டு. கோழி நிலத்தில் படுக்க விரும்பாது, குந்தத்தான் விரும்பும். அம்மம்மாவின் முருங்கைக் கோழிகள் சொன்னதும் அதைத்தான். எங்கள் தேசியப் பறவையான காட்டுக்கோழிகூட இரவில் மரத்தில்தான் குந்துகிறது. ஒரு கோழிக்கு எட்டு முதல் பத்து அங்குலம் கம்பு வேண்டும். பதினொன்றுக்கு எட்டு அல்லது ஒன்பது அடி. ஐந்தடிக் கூட்டில் இரண்டு கம்பு. பூவரசங்கம்பு நல்லது, உருண்டையாகக் கால்விரல் பற்றும். இரண்டையும் ஒரே உயரத்தில் கட்டுங்கள். ஒன்றை உயர்த்திக் கட்டினால் எல்லாம் அதற்கே அடிபடும். முட்டையிட நாலைந்து பேட்டுக்கு ஒரு பெட்டி போதும். பத்துப் பெட்டி வைத்தாலும் அவை ஒரே பெட்டிக்குத்தான் வரிசையில் நிற்கும், ஏன் என்று கேட்காதீர்கள். அடைக்கோழிக்கு மட்டும் தனியிடம் வேண்டும். இருபத்தொரு நாள் அது தவம். மற்றக் கோழிகள் வந்து அதன் முட்டைக்கு மேல் முட்டையிட்டால் எந்தக் குஞ்சு எப்போது பொரிக்கும் என்று யாருக்கும் தெரியாது. மண் நிரப்பிய பழைய சட்டியும், இடிக்குக் காவலாக ஒரு இரும்புத் துண்டும் அம்மம்மாவின் முறை. சட்டிக்கு நான் கையெழுத்து வைப்பேன். இரும்பை உங்கள் விருப்பத்துக்கு விடுகிறேன்.

கூட்டைக் கிழக்கு மேற்காக நீளவாக்கில் வையுங்கள், வெயில் உள்ளே நேராக இறங்காது. கோழிக்கு வியர்க்காது, வாயைப் பிளந்து இளைத்துத்தான் சூட்டைக் கழிக்கும். சித்திரை, வைகாசியில் வெறும் தகரத்துக்குக் கீழே இருக்கிற நாலு சதுர அடி, கிடுகுக்குக் கீழே இருக்கிற இரண்டு சதுர அடிக்குப் பெறாது. தகரம்தான் போடுவோம் என்றால் மேலே பனையோலையையாவது பரப்பிவிடுங்கள். சோளகம் நுழைந்து போகிற பக்கம் வலையாக இருக்கட்டும். வாடை வருகிற வடகிழக்குப் பக்கத்துக்கு மட்டும் மாரியில் ஒரு ஓலைத் தட்டியோ சாக்கோ வேண்டும். 2022 டிசெம்பரில் மண்டூஸ் புயலோடு வந்த குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் விறைத்துச் செத்ததை நாங்கள் கண்ணால் பார்த்தோம். மாட்டுக்கே அப்படியென்றால் நனைந்த கோழி எம்மாத்திரம்?

வலையில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். கடையில் மலிவாகக் கிடைக்கும் அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே வைத்திருக்கும். கீரியையும் மரநாயையும் வெளியே வைத்திருக்காது. என் எட்டில் மூன்று போனது அந்த வலையால்தான். அரை அங்குலக் கண்ணுள்ள தடித்த கம்பிவலை வேண்டும், அதுவும் ஓரடி மண்ணுக்குள் இறங்க வேண்டும். பாம்புக்கும் அதுதான் மருந்து.

இனி, வெளியூர்ப் புத்தகங்கள் எதுவும் எங்களுக்குச் சொல்லித் தராத ஒரு அளவு: கூட்டுக்கும் கிணற்றுக்கும் இடையிலான தூரம். ஒரு கோழி நாளொன்றுக்கு நூறு கிராமுக்குக் குறையாமல் எச்சமிடும். பதினொரு கோழி என்றால் ஆண்டுக்கு நானூறு கிலோ. மழைக்கு மட்டும் ஓடுகிற வழுக்கியாற்றை விட்டால் ஆறே இல்லாத குடாநாடு இது. குடிக்கிற தண்ணீர் முழுவதும் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் தேங்கி நிற்கிறது. மேலே ஊற்றியது வடிபடாமல் கீழே போகும். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் நெடுநாளாகவே காட்டிவருகின்றன. அதில் பெரும்பங்கு தோட்டத்து உரத்துக்கும் மலசலகூடக் குழிகளுக்கும்தான். ஆனாலும் கோழி எருவைக் கிணற்றடியில் குவித்து அதோடு சேர்த்துவிடத் தேவையில்லை. மலசலகூடக் குழிக்குப் பார்க்கிற தூரத்தைக் கூட்டுக்கும் பாருங்கள். உமியோ மரத்தூளோ நாலு அங்குலம் பரப்பி எச்சத்தை அதில் ஊறவிட்டு, கூட்டி எடுத்துக் கூரையுள்ள இடத்தில் மக்கவைத்தால் மிளகாய்க்கும் வாழைக்கும் அதைவிட நல்ல பசளை கிடையாது. பச்சையாய்ப் போட்டால் கன்று கருகும்.

கூடு போதுமா போதாதா என்று அடிக்கோல் இல்லாமல் அறிய ஒரு வழி சொல்கிறேன். விடிய நாலரைக்கு, திறக்குமுன், கோழியின் உயரத்துக்குக் குனிந்து கூட்டுக்குள் மூச்சை இழுங்கள். மூக்கும் கண்ணும் எரிந்தால் கோழி கூடிவிட்டது, அல்லது காற்றோட்டம் போதவில்லை. அப்போது கூட்டைப் பெருப்பிக்க வேண்டும்; இயலாவிட்டால் கோழியைக் குறைக்க வேண்டும். குறைப்பது எங்களுக்குக் கஷ்டமில்லை. நல்லூர்க் கொடி ஏறியிருக்கிற 25 நாளும் மட்டும் பொறுக்க வேண்டும்; அந்த நாட்களில் எங்கள் ஒழுங்கையில் சேவல்களின் கூவலிலேயே ஒரு தைரியம் தெரியும்.

நெருக்கத்தோடு ஓடிவருவது நோய். இராணிக்கெட் வந்தால் நாலு நாளில் கூடு காலியாகும். தடுப்பூசிக்கு உங்கள் பிரதேசத்துக் கால்நடை வைத்திய அலுவலகத்தைக் கேளுங்கள். கூடு கட்டுமுன் ஒருதரம் அங்கே போய்க் கதைப்பதும் நல்லது. கோழி வாங்கிய பிறகு போகிறவர்கள்தான் அதிகம். நானும் அப்படித்தான் போனேன்.

1995 ஒக்டோபர் 30 இரவு பற்றி இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியிருக்கிறேன். ஒன்று மட்டும் எழுதவில்லை. வலிகாமமே வெளிக்கிட்டுப் போன அந்த இரவு, சைக்கிளில் மூட்டையைக் கட்டிக்கொண்டு நிற்கையில், அம்மம்மா மழைக்குள்ளே கோடிக்குப் போய்க் கூட்டின் பலகைக் கதவை இழுத்துத் திறந்து, அது திரும்ப விழாமல் ஒரு கம்பும் முட்டுக்கொடுத்துவிட்டு வந்தா. அந்த நேரம் கோழி இருட்டில் வெளியே வராது. விடிய வரும் என்று அவவுக்குத் தெரியும்.

ரீச்சர், உங்கள் வளவுக்குச் சொல்கிறேன்: மதில் என்றால் கூட்டுக்கு 44, முற்றத்துக்கு 110. இன்னும் வேலிதான், பக்கத்து வீட்டாரோடு கதை பேச்சு இருக்கிறது என்றால் 22 போதும். ஆனால் பொட்டை அடைக்காதீர்கள், விழுகிற முட்டைக்கு வழக்கும் வைக்காதீர்கள்.

மற்ற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக் கூட்டின் நீளம், அகலம், உயரம், கூரை என்ன, எத்தனை கோழி, ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் திறந்திருக்கும், என்ன நட்டம் வந்தது என்பதையெல்லாம் ஒரு அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். தீவகத்திலிருந்தும் வடமராட்சிக் கரையிலிருந்தும் கட்டாயம் எழுதுங்கள். மணல் தரையில் கூடு எப்படி நிற்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். வந்தவற்றை அடுத்த இதழில் போடுவோம். படம் கீறத் தெரிந்தவர்கள் கீறியும் அனுப்பலாம், அளவு மட்டும் அடிக்கணக்கில் இருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்